மணலா, மண்மேடா, மரக்கட்டையா: இருக்கிற பூங்காவில் எதை முதலில் சேர்ப்பது?

எங்கள் பூங்காவுக்கு எதிர்மனையில் வீடு கட்டத் தொடங்கியபோது வாசலில் ஒரு லோடு மணலைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலம் பூங்காவில் ஊஞ்சல் இரண்டும் சும்மா தொங்கின. பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் மணலில் கிடந்தார்கள். ஒருத்தி கிணறு தோண்டி, ஈரம் தட்டுப்படும்வரை தோள்மட்டத்துக்குக் கையை விட்டாள். இரண்டு பையன்கள் உச்சியிலிருந்து சறுக்கிச் சறுக்கி மணலை ரோட்டுக்குத் தள்ளினார்கள். சறுக்குமரத்தில் ஐந்து நிமிடம்கூடத் தரிக்காத என் சின்ன மகள், ஒரு தேங்காய்ச் சிரட்டையை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். மேஸ்திரி வந்து விரட்டிய பிறகுதான் வீட்டுக்கு வந்தார்கள். கலவைக்கு வாங்கிய மணல். அவர் விரட்டியது நியாயம்தான். ஆனால் பிள்ளைகளுக்கென்றே காசு போட்டு வாங்கி வைத்ததை எல்லாம் விட்டுவிட்டு, அவர்களுக்கென்று யாரும் வாங்காத ஒன்றை நோக்கி அவர்கள் ஓடியது என் மனசில் தங்கிவிட்டது.

டென்மார்க்கில் சி. டி. ஸோரன்ஸன் என்ற நிலவடிவமைப்பாளர் இதையேதான் கவனித்தார். தான் வடிவமைத்த திடல்களைவிடக் கட்டட வேலை நடக்கும் இடங்களில் பிள்ளைகள் விரும்பி விளையாடுவதைப் பார்த்தார். 1943-இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில், கோபன்ஹேகனில் எம்ட்ரப் என்ற இடத்தில் பலகை, செங்கல், மண் என்று பிள்ளைகள் கையால் மாற்றக்கூடிய பொருள்களோடு ஒரு திடல் திறக்கப்பட்டது. நமக்கு டென்மார்க் வரை போக வேண்டியதுகூட இல்லை. பிள்ளைத்தமிழில் சிற்றில் என்று ஒரு பருவமே உண்டு. சிறுமிகள் மணல்வீடு கட்டுவதும், பையன் வந்து காலால் அழிப்பதும் தெருவில் நடக்காமல் பாட்டில் ஏறியிருக்காது.

குடியிருப்போர் நலச் சங்கத்தில் பூங்காவுக்கென்று கொஞ்சம் பணம் சேர்ந்திருந்தது. ஒரு தரப்பு, பேவர் பிளாக்கைப் பெயர்த்துவிட்டு ரப்பர் தரை போடலாம், ஏணியும் குழாயும் சறுக்கும் ஒன்றாகச் சேர்ந்த பிளாஸ்டிக் சாமான் ஒன்று வாங்கலாம் என்றது. நாங்கள் சிலர், இருப்பதைப் பிடுங்காமல் மணல், மண், மரம், தண்ணீர், செடி இவற்றில் எது முடியுமோ அதைச் சேர்ப்போம் என்றோம். எது முடியும், எது முடியாது என்று நான்கு மாதம் அலைந்து பார்த்ததில் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன். இதே முடிவை எடுக்க வேண்டிய சங்கங்கள் நிறைய இருக்கின்றன. விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறுவதால் ரூபாய்க் கணக்கை விட்டுவிட்டு அளவுகளைத் தருகிறேன். உங்கள் ஊர் லோடு விலையைப் போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ரப்பர் தரையைப் பழிப்பதில் எனக்கு விருப்பம் இல்லை. சக்கர நாற்காலி அதில் தடையில்லாமல் ஓடும். மழை நின்ற அரை மணியில் காய்ந்துவிடும். உயரத்திலிருந்து விழுகிற பிள்ளைக்கு அது நல்ல காப்பு. ஆனால் சித்திரை வெயிலில் நாலு மணிக்கு அதில் வெறுங்காலை வைக்க முடியாது. ஓரம் கிளம்பிவிட்டால் போட்டவர்களே வந்துதான் ஒட்ட வேண்டும். சங்கத்திடம் இருந்த பணம் முழுவதையும் அது ஒன்றே விழுங்கிவிடும். அதன்பிறகும் விளையாட அதே ஊஞ்சல், அதே சறுக்குமரம்தான்.

எல்லாவற்றையும் இரண்டு கேள்வியால் அளந்தோம். இதைப் பிள்ளை தன் கையால் மாற்ற முடியுமா? இதைத் தினமும் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா? இரண்டுக்கும் ஒருசேர நல்ல பதில் சொல்கிற பொருள் எதுவும் இல்லை. பிள்ளை அதிகம் மாற்றக்கூடியதெல்லாம் பராமரிப்பும் அதிகம் கேட்கிறது. மற்ற கணக்குகள் எல்லாம் இந்த இழுபறிக்குள் அடங்கிவிடுகின்றன.

கோலமாவால் ஒரு கோடு

எதை வாங்குவதற்கும் முன்னால் எவ்வளவு இடம் உண்மையிலேயே காலி என்று பார்க்க வேண்டும். எங்கள் பூங்கா அறுபதுக்குத் தொண்ணூறு அடி, இரண்டேகால் கிரவுண்ட். பார்த்தால் பாதி இடம் வெறுமையாகத்தான் இருந்தது. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் விளையாட்டுத் திடல் கையேடு, ஊஞ்சல் சங்கிலி மாட்டியிருக்கும் உயரத்தைப்போல இரு மடங்கு தூரம் முன்னாலும் பின்னாலும் காலியாக இருக்க வேண்டும் என்கிறது. எங்கள் ஊஞ்சல் எட்டடி. ஆக முன்னால் பதினாறு, பின்னால் பதினாறு. பக்கவாட்டில் ஆறடி. ஒரு கிலோ கோலமாவு வாங்கி அந்தக் கட்டத்தைத் தரையில் போட்டதும் பூங்காவில் ஏழில் ஒரு பங்கு போய்விட்டது. மற்ற சாமான்களைச் சுற்றியும் ஆறடி விட்டுக் கோடு போட்டோம். எஞ்சியது வடகிழக்கு மூலையும், மேற்குச் சுவரை ஒட்டிய நீளப் பட்டையும்தான். அந்தக் கோடு போடாமல் இருந்திருந்தால் மரக்கட்டை ஒன்றை ஊஞ்சலுக்குப் பின்னால் பன்னிரண்டு அடியில் போட்டிருப்போம். ஊஞ்சலிலிருந்து குதிக்கிற பிள்ளை அதன்மேல்தான் விழுந்திருக்கும்.

நிழலையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பிள்ளைகள் வருவது நாலு மணியிலிருந்து ஆறரை வரை. அந்த நேரத்து நிழல் கிழக்கே விழும். மேற்குச் சுவரோரம் நிற்கிற வேப்பமரம்தான் எங்கள் பூங்காவின் பெரிய சொத்து என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. கிழக்கே நிற்கிற மரத்தின் சாயங்கால நிழல் பக்கத்து வீட்டு மாடியில் போய் விழும்.

வேலியையும் பாருங்கள். எங்கள் பூங்காவில் இரண்டு பக்கம் அரளி வைத்திருந்தார்கள். தண்ணீர் கேட்காது, ஆடு தின்னாது, வருஷம் முழுக்கப் பூக்கும் என்பதால் எல்லாப் பூங்காவிலும் அதுதான். செவ்வரளி, மஞ்சளரளி இரண்டிலும் இலை, பூ, விதை, பால் எல்லாமே விஷம். 2024 மே மாதம் கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்தில் அரளிப்பூ சேர்ப்பதையே நிறுத்தியது. இலை பறித்துச் சமைத்து விளையாடச் சொல்லி ஓர் இடத்தை உருவாக்கப் போகிறோம் என்றால் அரளி அங்கே இருக்கக் கூடாது. எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணிக் கொடி இவையும் அப்படித்தான்.

இன்னொன்று, மனைப்பிரிவுப் பூங்கா பெரும்பாலும் ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலம். உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தது. கதவுக்குப் பூட்டு நம்முடையதாக இருக்கலாம், நிலம் நம்முடையதல்ல. ஒரு கடப்பாரை இறங்குமுன் நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிடுவது நல்லது.

மணல்

பிள்ளைகளின் ஓட்டு ஏற்கெனவே எதிர்மனையில் விழுந்துவிட்டதால் இதிலிருந்து தொடங்குகிறேன். ஒன்றரை வயதுக் குழந்தையும் பத்து வயதுப் பையனும் ஒரே இடத்தில் ஒருவருக்கொருவர் இடையூறு இல்லாமல் விளையாடக்கூடியது எனக்குத் தெரிந்து மணல் ஒன்றுதான். பத்துக்குப் பன்னிரண்டு அடியில், ஒன்றரை அடி ஆழத்துக்கு நிரப்ப 180 கன அடி வேண்டும். நம் லோடு கணக்கில் (ஒரு யூனிட் நூறு கன அடி) இரண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு.

எந்த மணல் என்பதில்தான் சிக்கல். எதிர்மனையில் கொட்டியது எம்-சாண்ட். கல்லை உடைத்துச் செய்வது என்பதால் அதன் துகள்களுக்கு முனை கூர்மையாக இருக்கும். ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். கான்கிரீட்டுக்கு அது நல்ல குணம். விழுகிற முழங்காலுக்குக் கெட்ட குணம், நாளாக நாளாக இறுகிப்போகும். அதிலுள்ள கல்தூசி, சிலிக்கா கலந்தது, குழந்தைகள் மூச்சில் போகக் கூடாதது. ஆற்றுமணல் துகள் உருண்டது. கை வைத்தால் விலகும், கால் வைத்தால் அமுங்கும். ஆனால் இன்று முறையான ரசீதோடு ஆற்றுமணல் கிடைப்பது எளிதல்ல. கடற்கரையிலிருந்து அள்ளி வரலாமே என்று ஒருவர் கேட்டார். அது சட்டப்படி கூடாது.

ஆற்றுமணல் கிடைக்காவிட்டால் மனம் உடைய வேண்டாம். செம்மண் இருக்கிறது. கல் பொறுக்கிச் சலித்த செம்மண்ணில் பிள்ளைகள் சட்டி பானை செய்வார்கள், வாய்க்கால் வெட்டுவார்கள். சட்டை கறையாகும், அவ்வளவுதான். விழுந்தால் தாங்கும் குணம் மட்டும் செம்மண்ணுக்குக் கிடையாது. அதனால் சறுக்குமரத்தடியில் அதைப் போடக் கூடாது, தனிக் குழியாக வைக்க வேண்டும்.

அடுத்து நாய், பூனை. எங்கள் கூட்டத்தில் எழுந்த எதிர்ப்பு முழுவதும் இதுதான். அதைத் தட்டிவிட முடியாது. நாய், பூனை மலத்தில் இருக்கும் வட்டப்புழு முட்டை மண்ணில் கிடந்து தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் நான்கு வாரம் ஆகும். வெறுங்கால் வழியே ஏறும் கொக்கிப்புழுவின் லார்வாவுக்கு ஐந்து முதல் பத்து நாள். இந்த இரண்டு கணக்கிலிருந்தும் கிடைக்கிற விடை ஒன்றே: தினமும் காலையில் ஒருவர் ரேக் (பல் வைத்த வாருகோல்) போட்டு, கிடப்பதை எடுத்துவிட்டால் ஆபத்து வளர நாளே கிடைப்பதில்லை. வாரம் ஒருமுறை என்றால் கிடைத்துவிடும். ஆகவே மணல்குழிக்கு ஆகும் உண்மையான செலவு லோடு விலை அல்ல, தினமும் பத்து நிமிடம். ராத்திரி மூடிவைக்கப் பழைய மீன்வலையோ பச்சை நிழல்வலையோ போதும். தார்ப்பாய் போட்டால் ஈரம் புழுங்கி மணல் நாறும். வெயில் படுவதுதான் மணலுக்கு மருந்து.

தண்ணீர் தேங்கும் பகுதி என்றால் குழி தோண்டாதீர்கள். ஐப்பசியில் அது குளமாகிவிடும். ஒன்பது அங்குலம் தரைக்குள், ஒன்பது அங்குலம் தரைக்குமேல் என்று எழுப்பிக் கட்டினால், கட்டிய விளிம்பே பாட்டிமார் உட்காரும் திண்ணையாகிவிடும். அடியில் அரை அடி ஜல்லி, அதன்மேல் நீர் இறங்கும் துணி, அதற்குமேல் மணல். வேப்பமரத்தின் சாயங்கால நிழலில் வரும்படி, ஆனால் வேரை வெட்டாதபடி அடிமரத்திலிருந்து நன்றாகத் தள்ளி அமைக்க வேண்டும்.

விளிம்பை எழுப்புவதால் ஒரு பிள்ளை வெளியே நின்றுவிடக் கூடாது. எங்கள் தெருவில் சக்கர நாற்காலியில் வரும் சிறுவன் ஒருவன் இருக்கிறான். அவன் மேஜைக்குக் கீழே கால் நுழைத்துக்கொள்வதைப்போல, விளிம்பின் ஒரு மூலையை நாற்காலி நுழையும் உயரத்துக்குத் தூக்கி, மேலே மணல் தொட்டி ஒன்று வைக்கச் சொன்னோம். வாசலிலிருந்து அதுவரைக்கும் கெட்டியான பாதை வேண்டும். அங்கே பழைய பேவர் பிளாக்கே போதும், அதைப் பெயர்க்க வேண்டியதில்லை. மரப்பலகைப் பாதை போடலாமா என்று பேச்சு வந்தபோது மெரினாவை நினைத்தேன். 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகள் அலைவரை போவதற்காக 263 மீட்டர் மரப்பாதை திறந்தார்கள். பார்த்துக் கண் கலங்கியவர்களில் நானும் ஒருத்தி. இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சேதப்படுத்தியது. மாநகராட்சிக்கு அதைச் செப்பனிட வசதி உண்டு. எங்கள் சங்கத்துக்கு இல்லை.

மண்மேடு

தினமும் பார்க்க ஆள் இல்லை என்கிற சங்கத்துக்கு என் முதல் சிபாரிசு மண்மேடு. இருபத்து நான்கு அடி அகலம், நாலடி உயரம், அவ்வளவுதான். மூன்று யூனிட் டிப்பரில் இரண்டு லோடு மண். ஏறலாம், உருளலாம், அட்டைப்பெட்டியைப் போட்டுச் சறுக்கலாம், யார் ராஜா என்று மேலே நின்று கத்தலாம். சமதளத்திலேயே வளர்கிற நகரத்துப் பிள்ளைக்கு ஒரு சரிவு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, முதல் நாள் அதன்மேல் நடக்கப் பயந்து தவழ்ந்து ஏறுகிற மூன்று வயதுக் குழந்தையைப் பார்த்தால் தெரியும்.

இருக்கிற பூங்காவில் மேட்டுக்கு இன்னொரு பயன் உண்டு. எங்கள் சின்னச் சறுக்குமரம் நாலடி உயரம், கீழே பேவர் பிளாக். மேலே சொன்ன கையேட்டின்படி ஒன்பது அங்குல மணல் நாலடி உயரத்து வீழ்ச்சியைத்தான் தாங்கும். அதே ஒன்பது அங்குலம் மரச்சிராம்பு போட்டால் பத்தடி வரை தாங்கும். வெறும் மண்ணும் புல்லும் போதாது என்று அந்தக் கையேடே சொல்கிறது. அப்படியிருக்க நாங்கள் இத்தனை வருஷம் பிள்ளைகளைக் கல்லின்மேல் ஏற விட்டிருக்கிறோம் என்பது எனக்குத் தாங்கவில்லை. இரண்டு வழி இருந்தது. ஒன்று, பேவரை எடுத்துவிட்டு மணலோ சிராம்போ நிரப்பி, அது கலையக் கலைய இழுத்து விடுவது. மற்றது, சறுக்குமரத்தின் ஏணியை வெல்டிங் பட்டறையில் அறுத்துவிட்டு, சறுக்குத் தகட்டை மட்டும் மேட்டின் சரிவில் படுக்க வைப்பது. இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தோம். ஏணி இல்லை, இரு பக்கமும் மண் அணைந்திருக்கிறது, விழுவதற்கு உயரமே இல்லை. மேட்டின் மற்ற பக்கங்கள் மூன்றுக்கு ஒன்று என்ற தணிந்த சரிவு. தகடு வரும் பக்கம் மட்டும் கொஞ்சம் கூடுதல் சரிவாக வெட்டி, அண்டையில் கல் பதித்து நிறுத்த வேண்டும். தகடு மேற்கைப் பார்க்காமல் இருக்கட்டும். சாயங்கால வெயிலில் இரும்பு பழுத்துவிடும்.

மேட்டில் ஏமாறக்கூடிய இடம் மண்தான். மண் என்று சொல்லிக் கட்டட இடிபாட்டைக் கொட்டிவிட்டுப் போவார்கள். எங்களுக்கு வந்த முதல் லோடில் ஓட்டுத்துண்டு, ஆணி, டியூப்லைட் கண்ணாடி எல்லாம் இருந்தது. திருப்பி அனுப்பினோம். லோடு இறக்கும்போது சங்கத்து ஆள் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். ஓரடிக்கு ஓரடி தண்ணீர் விட்டு இடித்துக்கொண்டே போனால்தான் மழையில் அமுங்காது. மரத்தடியில் மேடு போடுவது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அடிமரத்தையும் வேரையும் மண்ணால் மூடினால் மரம் மூச்சு முட்டிச் செத்துவிடும். மேட்டிலிருந்து வடியும் தண்ணீர் அடுத்த வீட்டுச் சுவருக்குப் போகக் கூடாது. மேலே அருகம்புல், ஓரத்தில் வெட்டிவேர். வெட்டிவேரின் வேர் ஆழத்தில் நேராக இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

மேட்டுக்குள் ஹியூம் பைப் (பெரிய சிமெண்டுக் குழாய்) வைத்துக் குகை செய்யும் யோசனையை வேண்டாம் என்று விட்டோம். பகலில் பிள்ளைகளுக்குக் குகை, ராத்திரி நாய்களுக்கு வீடு. காவலும் விளக்கும் உள்ள இடத்தில் வையுங்கள்.

மண்மேட்டின் குறை ஒன்றுதான்: பிள்ளை அதன்மேல் விளையாடலாம், அதை மாற்ற முடியாது.

மரக்கட்டை

மிகச் சுலபமானது, மிகவும் தப்பாகச் செய்யப்படுவதும் இதுதான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா அடித்ததற்கு மறுநாள் சென்னைத் தெருக்களில் ஆயிரக்கணக்கான மரங்கள் கிடந்தன. துண்டு போட்டு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதில் பத்துத் துண்டு இருந்தால் ஒரு பூங்காவுக்குப் பல வருஷம் போதும் என்ற நினைப்பு எனக்கு இப்போதும் வருகிறது.

எந்த மரம்? சவுக்கும் தென்னையும் மலிவு, ஆனால் தரையில் பட்டால் கரையானுக்கும் மக்கலுக்கும் சீக்கிரம் போய்விடும். வைரம் பாய்ந்த பனை கரையானுக்கு மசியாது. ஆனால் பனஞ்சிராய் ஏறிய கையை எடுத்துப் பார்த்தவர்கள் அதைக் குழந்தைக்குக் கொடுக்க மாட்டார்கள். தவிர, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். புளி நல்ல கனம், உருளாது, வழுவழுப்பாகத் தேய்ந்துவரும். வேம்பும் நன்றாக உழைக்கும். மர மில்லில் கோணலாக இருப்பதால் பலகைக்கு உதவாது என்று ஒதுக்கிய அடிமரத்தைக் கேளுங்கள். பிள்ளைகளுக்குக் கோணல்தான் வேண்டும். ஆனால் பழைய ரயில் கட்டைகளை வாங்காதீர்கள். அவற்றில் கிரியோசோட் எண்ணெய் ஊறியிருக்கும், தோலுக்கு ஆகாது. ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றிய மரத்தையும் அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோகத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். மரத்துக்கு என்ன மருந்து ஏற்றியது என்று கேட்டு, பதில் தெளிவாக வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

போடும் விதத்தில் ஒரே விதி: அடுக்காதீர்கள். அடுக்கிய கட்டைக்குள் இடுக்கு இருக்கும், இடுக்கில் எலியும் தேளும் வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியாக, மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் புதைத்துப் படுக்க வையுங்கள். பட்டையை உரித்து, முனைகளை உருட்டி இழைத்துவிட வேண்டும். வருஷம் ஒருமுறை சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் அதை எடுத்துவிடும் நேரம்.

தண்ணீர்

பிள்ளைக்கு மணலைவிடப் பிடிப்பது தண்ணீர். மணலோடு சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆனால் 2019 கோடையில் பூண்டியும் சோழவரமும் செங்குன்றமும் செம்பரம்பாக்கமும் வற்றிக் கிடந்தபோது லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற ஊர் இது. விளையாட்டுக்குத் தண்ணீர் என்றால் இங்கே யாருக்கும் மனசு வராது. அந்த மனசைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது.

இதற்கு எனக்குத் தோன்றும் ஒரே வழி அடிபம்பு. குழாய் என்றால் திறந்து விட்டுப் போய்விடுவார்கள். அடிபம்பில் அடித்தால்தான் வரும், கை ஓய்ந்தால் நின்றுவிடும். ஒருவன் அடிக்க வேண்டும், ஒருவன் பிடிக்க வேண்டும், ஒருத்தி வாய்க்கால் வெட்ட வேண்டும் என்று அதுவே மூன்று பிள்ளைகளைச் சேர்த்து வைக்கும். ஆனால் கொசு இருக்கிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழெட்டு நாளே போதும். தொட்டி, பள்ளம், சிரட்டை எதிலும் தண்ணீர் ராத்திரி தங்கக் கூடாது. வர்ணம் அடித்த பழைய டயர்களை நான் வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். டயருக்குள் நின்ற தண்ணீரை எப்படிக் கவிழ்த்தாலும் கொஞ்சம் தங்கிவிடும். மணல் ஒரு வருஷம் ஒழுங்காக நடந்தால் அடுத்த வருஷம் பம்பு என்று தள்ளி வைத்திருக்கிறோம். அதுவரை சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு வாளித் தண்ணீர்.

செடி, கொடி, உதிரி

அரளி இருந்த இடத்தில் என்ன வைப்பது என்று கேட்டபோது பாட்டி ஒருவர் சொன்னார்: “பூவரசு வைம்மா, பீப்பி ஊதுவாங்க.” அதைவிட நல்ல யோசனை எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. பூவரசு போத்து வெட்டி நட்டாலே தழைக்கும், நிழல் தரும், இலையைச் சுருட்டினால் ஊதல். இட்லிப்பூச் செடி பிள்ளைகள் தேன் உறிஞ்ச. கொய்யா பிற்காலத்தில் ஏற, அதன் கிளை ஒடியாமல் வளைந்து கொடுக்கும். முருங்கை மட்டும் வேண்டாம், கிளை முறியும், கம்பளிப்பூச்சியும் வரும். மூங்கிலை வளைத்து அதில் சங்குப்பூவும் அவரையும் ஏற்றினால் ஒரே மழைக்காலத்தில் பச்சை வீடு தயார். மூங்கில் இரண்டு மூன்று வருஷத்தில் மக்கும், அப்போது புதிதாக வளைத்துக்கொள்ளலாம். வெளியே நிற்கிற தாய்க்கு உள்ளே இருக்கும் பிள்ளையின் தலையாவது தெரிய வேண்டும், அந்த அளவுக்குக் கொடியைக் கழிக்க வேண்டும்.

செடியும் மண்ணும் அழுக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. பின்லாந்தில் மூன்று முதல் ஐந்து வயதுவரையான 75 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2020-இல் வெளியானது. சரளைக்கல் முற்றம் உள்ள சில பகல்நேரக் குழந்தைகள் காப்பகங்களில் காட்டுமண்ணையும் புல்தரையையும் கொண்டுவந்து விரித்தார்கள். 28 நாளில் அந்தக் குழந்தைகளின் தோலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின. இரத்தத்தில் நோய் எதிர்ப்பை ஒழுங்குபடுத்தும் கூறுகளிலும் நல்ல மாற்றம் தெரிந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் முற்றத்துத் தரையை மாற்றினால் ஒரே மாதத்தில் குழந்தையின் உடம்பு பதில் சொல்கிறது என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நாய் மலத்தால் வரும் புழுவும் உண்மை, நல்ல மண்ணால் வரும் நன்மையும் உண்மை.

காசே இல்லாதவர்களுக்கு உதிரிப் பொருள். சிரட்டை, நுங்குக் கூந்தல், தென்னம்பாளை, கூழாங்கல், அரையடி நீளத்தில் அறுத்த மரக்கொம்புகள். ஒரு பெரிய கூடை நிறையப் போட்டு வைத்தால் போதும். ஒரு வாரத்தில் பாதி காணாமல் போகும். மறுபடியும் நிரப்ப வேண்டும், அவ்வளவுதான்.

எதைத் தேர்ந்தெடுப்பது

கதவுகூடப் பூட்டாத, யாரும் பார்த்துக்கொள்ளாத திடல் என்றால் மணலை நினைக்காதீர்கள். மரமும் மரக்கட்டையும் மட்டும் வையுங்கள். வாரம் ஒருமுறை ஆள் வரும் என்றால் மேடு. தினமும் பத்து நிமிடம் தர ஒருவர் உறுதியாக இருக்கிறார் என்றால், பணத்தில் மேட்டுக்குப் போதாவிட்டாலும் பரவாயில்லை, மணலை முதலில் போடுங்கள். பிள்ளையின் கைக்கு வேலை கொடுப்பது அதுதான். பள்ளிக்கூடம், அங்கன்வாடி போன்ற இடங்களில் பெரியவர்கள் எப்போதும் அருகில் இருப்பதால் உதிரிப் பொருளிலிருந்தே தொடங்கலாம்.

ஆள் யார் என்பதை மணல் வாங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். பூங்காவைப் பெருக்க வரும் அக்காவின் தலையில் இதையும் சுமத்திவிடலாம் என்று ஒருவர் சொன்னபோது நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்கு மூன்று தெரு வேலை இருக்கிறது. தினம் ஒரு வீடு, நாற்பது வீட்டுக்கு நாற்பது நாள் என்று முறை எழுதினோம். முப்பத்தொரு வீடு பெயர் கொடுத்தது. கொடுக்காதவர்களைக் கேட்கவில்லை.

காலமும் பார்த்துச் செய்ய வேண்டும். மேட்டை ஆடியில் போட்டால், ஆவணி, புரட்டாசிச் சாரலில் புல் வேர் பிடித்து, ஐப்பசி அடைமழைக்குத் தயாராகிவிடும். கன்றுகள் புரட்டாசி கடைசியில். மணலை மழைக்கு முன்னால் இறக்கினால் பாதி ரோட்டில் ஓடும், அதனால் தை பிறந்த பிறகு. மார்கழிக்குள் எப்படியும் எங்காவது காற்றில் மரம் விழும், கட்டைக்கு அப்போது சொல்லி வைக்கலாம்.

எங்கள் மேடு போட்டாகிவிட்டது. புல் இன்னும் சொட்டை சொட்டையாகத்தான் இருக்கிறது. சறுக்குத் தகட்டைப் பொருத்தும் நாளன்று வெல்டிங் செய்ய வந்தவரைச் சுற்றி ஆறு பிள்ளைகள் நின்றுகொண்டு, எப்போது சூடு ஆறும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ரேக் ஒன்று வாங்கி வாட்ச்மேன் அறையில் மாட்டியிருக்கிறோம். தை பிறந்ததும் முதல் முறை எங்கள் வீடு.